தோலுரிக்கச் சொல்வது யார்?



இந்தக் கூடத்தில் முன் வரிசையில் மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் வைத்திருக்கிற பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின் வரிசைகளில் விலங்கியல் மாணவ மாணவியர். வழக்கம்போல பின் வரிசைதான் முதலில் நிரம்பியது. நான் பேசப்போகிற விஷயத்தை முன் வரிசைக்காரர்கள் மாதாமாதம் கண்ணால் பார்க்கிறார்கள். பின் வரிசைக்காரர்கள் தேர்வுக்காக அதன் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் இன்று மாலை என் வேலை.

பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டையிலிருந்து வெளிவரும்போது எறும்பைவிடச் சிறிதாக இருக்கிற புழு, நான்கு வாரத்துக்குள் சுமார் 10,000 மடங்கு எடை கூடுகிறது. அந்த வளர்ச்சிக்குப் பூச்சியின் தோல் இடம் தருவதில்லை. அதன் மேல்தோல் கைட்டினும் புரதமும் சேர்ந்து இறுகிய உறை. ஓரளவு நெகிழும், அதற்குமேல் முடியாது. ஆகவே உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய உறைக்கு மாறியாக வேண்டும்.

அந்த நாளில் மனைக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இலை கடிக்கும் சத்தம் மெல்ல அடங்கும். புழு படுக்கையில் கொஞ்சம் பட்டு இழையை ஒட்டி, அதில் பின்னங்கால்களைப் பதித்துக்கொள்ளும். தலையையும் மார்பையும் மேலே தூக்கி அப்படியே நிற்கும். உடம்பு இறுகிப் பளபளக்கும். இலை போடுவதை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறீர்கள். ஏறத்தாழ ஒரு நாள் புழு அசையாது. அப்போது தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறிய பழுப்பு முக்கோணம் தெரியும். அனுபவப்பட்டவர்கள் அதைப் பார்த்தே புழு தோலுரிப்பில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அந்த முக்கோணம்தான் புதிய தலை. பழைய தலையோட்டுக்குள் அது அடங்காது என்பதால் பின்னால் உருவாகி நிற்கிறது.

புழு தூங்குகிறது என்று நாம் சொல்கிறோம். உள்ளே அதற்கு நேர்மாறான பரபரப்பு. பழைய தோல் அடியிலுள்ள செல்களிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்டது. அதன் கீழே புதுத் தோல் சுருக்கம் சுருக்கமாக மடிந்து வளர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து, பழைய தோலின் உட்பக்கத்தைக் கரைக்கிறது. கரைந்த சத்தைப் புழு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சமாவது மெல்லிய மேலேடு மட்டும். அது தலைக்குப் பின்னால் கிழிய, புழு முன்னோக்கி நெளிந்து வெளியே வருகிறது. உரித்துப் போட்ட தோலை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் வெள்ளை இழைகள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உட்சுவர். பூச்சி வெளித்தோலை மட்டும் உரிப்பதில்லை. மூச்சுக்குழாய், முன்குடல், பின்குடல் ஆகியவற்றின் உள்ளுறையையும் சேர்த்தே உருவி எறிகிறது. வீட்டில் சில சமயம் வெள்ளைக் கரப்பான் ஒன்று ஓடும். தனி இனம் என்று சிலர் நினைப்பதுண்டு. அது அப்போதுதான் தோலுரித்து வந்த சாதாரணக் கரப்பான். சில மணி நேரத்தில் தோல் இறுகிப் பழுப்பாகிவிடும்.

நேரம் தவறாமல், எல்லா உறுப்பிலும் ஒரே சமயத்தில் நடக்கிற இந்த வேலைக்கு ஒரு கட்டளை இருக்க வேண்டும். அது எங்கே உருவாகிறது? நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு விடையும் வந்ததும் கேள்வி வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வைத்தான் நான் இன்று சொல்லப்போகிறேன்.

முதல் விடை போலந்துக்காரர் ஸ்டெஃபான் கோபெச் தந்தது. ஜிப்ஸி அந்துப்பூச்சி என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஓக் மரங்களை மொட்டையடிக்கிற பூச்சி. அதன் கடைசிப் பருவப் புழுவின் நடு உடம்பில் அவர் நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பாதியின் ரத்தம் பின்பாதிக்குப் போகாது. பருவத்தின் முதல் சில நாட்களில் கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவானது. பின்பாதி புழுவாகவே கிடந்தது. சில நாள் தாமதித்துக் கட்டினால் இரண்டு பாதியும் கூட்டுப்புழுவாயின. அப்படியானால் முன்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று ஒரு குறிப்பிட்ட நாளில் ரத்தத்தில் கலந்து பின்னால் போகிறது. அடுத்து அவர் மூளையை எடுத்துப் பார்த்தார். உரிய நாளுக்கு முன் எடுத்தால் மாற்றமே இல்லை. பிறகு எடுத்தால் மூளை இல்லாமலே கூட்டுப்புழுவானது. நரம்புத் தண்டை அறுத்தாலோ ஒரு பாதிப்பும் இல்லை. மூளை நரம்பு வழியாக மட்டுமல்லாமல் ரத்தம் வழியாகவும் பேசுகிறது என்று 1917இல் அவர் எழுதினார்.

மூளை என்பது நரம்புக்கானது, ஹார்மோன் என்பது சுரப்பிக்கானது என்று எல்லோரும் கோடு கிழித்து வைத்திருந்த காலம் அது. ஒரு புழுவின் மூளை ஹார்மோன் சுரக்கிறது என்பதை அன்றைய பெரிய மனிதர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபெச்சை 1941இல் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். இன்று மனித மூளையின் ஹார்மோன்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற மருத்துவக் கல்லூரிகளில் அவர் பெயர் ஒலிப்பது அபூர்வம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

1930களில் லண்டனில் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் வேறொரு பூச்சியை எடுத்துக்கொண்டார். ரோட்னியஸ் என்பது தென் அமெரிக்காவின் ரத்தம் குடிக்கும் பூச்சி. நம் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு; சாகஸ் நோயைப் பரப்புவது. ஆராய்ச்சிக்காரனுக்கு அதைவிட வசதியான பிராணி கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு புடைக்கக் குடிக்கும். குடித்த நாளிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பாமல் தோலுரிக்கும். அதன் தலையை அவர் வெட்டினார். பூச்சி சாகவில்லை. தலையில்லாத ரோட்னியஸ் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருந்திருக்கிறது! குடித்த உடனே தலையை எடுத்தால் தோலுரிப்பு இல்லை. சில நாள் கழித்து எடுத்தால் தலையில்லாமலே தோலுரிக்கும். பிறகு, சீக்கிரம் தலையிழந்த ஒன்றையும் தாமதமாகத் தலையிழந்த ஒன்றையும் கழுத்தோடு கழுத்து சேர்த்து மெழுகால் ஒட்டினார். ரத்தம் கலந்தது. இரண்டும் தோலுரித்தன.

மூளைக்கு யார் சொன்னது என்றும் அவர் தேடினார். வயிறு விரிவதுதான் செய்தி. ரத்தத்தின் சத்து அல்ல, வயிற்றுச் சுவர் இழுபடுவது. பூச்சிக்குப் பூச்சி இந்தச் செய்தி மாறும். புகையிலைப் புழுவில் அது உடல் எடையைப் பொறுத்தது என்று 1970களில் கண்டார்கள். எடை கூடும்போது மூச்சுக்குழாய்கள் அதே அளவில் நின்றுவிடுவதால் ஆக்சிஜன் பற்றாமல் போவதும் ஓர் அறிகுறி என்று அண்மைக் காலத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஜப்பான் வருகிறது. அங்கே பட்டுப்புழு ஆராய்ச்சிக்குப் பின்னால் நாட்டின் பணமே நின்றது. 1940இல் சோயிச்சி ஃபுகுடா பட்டுப்புழுவின் மார்பில் கட்டுப் போட்டுப் பார்த்தார். மூளையோடு சேர்ந்த தலைப்பகுதி மட்டும் போதவில்லை. மார்பின் முதல் கண்டமும் வேண்டியிருந்தது. அங்கே இருக்கிற ஒரு திசுவை எடுத்து, கட்டிப் பிரிக்கப்பட்ட வயிற்றுக்குள் வைத்தார். வயிறு மட்டும் தனியாகக் கூட்டுப்புழுத் தோலை அணிந்தது. அந்தத் திசுதான் முன்மார்புச் சுரப்பி.

மாணவர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் புழுவை அறுக்கும்போது இதைத் தேடுங்கள். மார்பின் முதல் கண்டத்தில் உள்ள மூச்சுத்துளையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கொத்தாகப் பிரியும் மூச்சுக்குழாய்களின்மேல் பாருங்கள். கண்ணாடி மணிகளைக் கோத்தாற்போல், ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய சரம் படர்ந்திருக்கும். கொழுப்புத் திசுவோடு சேர்த்துக் கிள்ளி எறிந்துவிடுவது மிக எளிது. ஹாலந்தின் லியோனெட் என்ற வழக்கறிஞர் ஒரு மரம் துளைக்கும் புழுவை அறுத்து வரைந்தபோது, 1762ஆம் ஆண்டு நூலிலேயே இதைப் படமாகப் போட்டிருக்கிறார். என்ன வேலை செய்கிறது என்பது தெரிய இன்னும் 178 ஆண்டுகள் ஆயின.

மூளையா, மார்புச் சுரப்பியா என்ற தகராறை ஹார்வர்டின் கரோல் வில்லியம்ஸ் தீர்த்தார். செக்ரோபியா என்ற பெரிய அமெரிக்க அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு குளிர்காலம் முழுவதும் உறங்கும். மாதக்கணக்கில் குளிர்பட்ட பிறகே அதன் மூளை விழிக்கும். அந்தக் கூட்டுப்புழுவை அவர் இரண்டாக வெட்டி, ரத்தம் சிந்தாமல் மூடிவைத்தார். வயிற்றுப் பகுதிக்குள் குளிர்பட்ட மூளையை மட்டும் வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. முன்மார்புச் சுரப்பியை மட்டும் வைத்தாலும் நடக்கவில்லை. இரண்டையும் வைத்தால் வயிறு தனியே அந்துப்பூச்சியின் வயிறாக வளர்ந்தது. ஆக, மூளை சுரப்பியைத் தூண்டுகிறது. சுரப்பி உடலைத் தூண்டுகிறது. மூளையின் அந்தப் பொருள் ஒரு புரதம். அதைச் சுத்தமாகப் பிரிக்க ஜப்பானியர் பட்டுப்பூச்சித் தலைகளை லட்சக்கணக்கில் அரைத்தார்கள். அதன் மரபணு 1990இல் கைக்கு வந்தது. இத்தனை பெரிய வேலைக்கு மூளையில் அதைச் சுரப்பவை இரண்டே ஜோடி நரம்புச் செல்கள்.

சுரப்பி அனுப்பும் பொருள் என்ன? ஜெர்மனியின் அடால்ஃப் புட்டனண்ட் மனிதப் பாலின ஹார்மோன்களுக்காக 1939ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குத் தேர்வானவர். அவரும் பீட்டர் கார்ல்சனும் பட்டுக் கூட்டுப்புழுக்களை 500 கிலோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1954இல் கிடைத்தது 25 மில்லிகிராம் படிகம். 2 கோடியில் ஒரு பங்கு. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துபோகும். அதற்கு எக்டைசோன் என்று பெயர் வைத்தார்கள். அதன் வடிவத்தை எக்ஸ்ரே கொண்டு 1965இல் கண்டபோது எல்லோருக்கும் வியப்பு. நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் எந்த வகையோ அதே ஸ்டீராய்டு வகை. புழுவுக்கும் நமக்கும் பொதுவாக ஒரு வேதியியல் இருந்தது.

ஸ்டீராய்டு என்றதும் கேள்வி மறுபடி நகர்கிறது. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் பொதுவாகக் கொலஸ்ட்ராலிலிருந்து வருபவை. நம் கல்லீரல் வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளும். வேண்டாததையும் செய்யும், அதனால்தான் டாக்டர் நம்மைத் திட்டுகிறார். பூச்சிக்கு அந்தத் திறமை இல்லை. ஈப்புழுக்களுக்கு உணவில் ஸ்டெரால் இல்லாவிட்டால் வளர்ச்சியில்லை என்று 1935இல் ஹாப்சன் காட்டினார். ஸ்டெரால் தயாரிக்கும் வழியின் சில படிகள் பூச்சி இனத்திடம் இல்லவே இல்லை. தோலுரிக்கும் ஹார்மோனின் மூலப்பொருளை அது சாப்பிட்டே பெற வேண்டும்.

மல்பெரி இலையில் கொலஸ்ட்ரால் ஏது? தாவரங்களில் முக்கியமாக இருப்பது சைட்டோஸ்டெரால் போன்ற தாவர ஸ்டெரால்கள். கொலஸ்ட்ராலைவிட அதன் பக்கச் சங்கிலியில் இரண்டு கார்பன் அதிகம். பட்டுப்புழு அந்த இரண்டு கார்பனையும் தன் குடலில் வெட்டி நீக்கி, கொலஸ்ட்ராலாக்கிக்கொள்கிறது. நீங்கள் போடுகிற இலையில் புழு தேடுவது புரதத்தை மட்டுமல்ல; அடுத்த தோலுரிப்புக்கான சரக்கும் அந்த இலையில்தான் வருகிறது. தேனீயால் இந்த வெட்டு வேலை முடியாது. மகரந்தத்திலிருந்து வரும் ஸ்டெராலில் ஒரு கார்பன் கூடுதலாக இருக்கிறது. அந்தக் கார்பனோடேயே மாகிஸ்டெரோன் என்ற ஹார்மோனைச் செய்து காலம் தள்ளுகிறது. அதைக்கொண்டும் தேனீ தோலுரிக்கத்தான் செய்கிறது.

கொலஸ்ட்ரால் சுரப்பிக்குள் வந்த பிறகு நடப்பதை அறிந்த கதை இன்னும் சுவாரசியமானது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷவுஸும் பழ ஈயின் கருவளர்ச்சியைக் கெடுக்கும் மரபணுக்களை ஆயிரக்கணக்கில் சலித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நோபல் பரிசு பெற்ற வேலை அது. சில கருக்களுக்குத் தோலே உருவாகவில்லை; பேய் போல வெளிறிக் கிடந்தன. அந்த மரபணுக்களுக்குப் பேய்களின் பெயர்களையே வைத்தார்கள்: ஸ்பூக், ஃபான்டம், டிஸ்எம்பாடிட், ஷேடோ, ஷேட், ஷ்ரவுட். மொத்தத்துக்கும் ஹாலோவீன் மரபணுக்கள் என்று பெயர். எதற்கானவை என்று அப்போது தெரியாது. 2000க்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, அவை எக்டைசோன் தயாரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் என்று தெரிந்தது. ஹார்மோன் இல்லை, ஆகவே தோல் இல்லை.

வரிசை ஏறத்தாழ இப்படி. முதல் படியில் நெவர்லேண்ட் என்ற நொதி கொலஸ்ட்ராலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனை எடுக்கிறது. பட்டுப்புழுவிலும் பழ ஈயிலும் இதைக் கண்டு 2006இல் வெளியிட்டவர்கள் ஜப்பானியர். அடுத்து வரும் சில படிகளை விஞ்ஞானிகளே கருப்புப் பெட்டி என்றுதான் அழைக்கிறார்கள். ஸ்பூக்கும் ஷ்ரவுட்டும் அங்கே வேலை செய்கின்றன. இடையில் உருவாகும் பொருள்கள் நிலையற்றவை, கையில் பிடிபடுவதில்லை. பெட்டிக்கு வெளியே வந்ததும் ஃபான்டம், டிஸ்எம்பாடிட், ஷேடோ மூன்றும் ஆளுக்கோர் இடத்தில் ஆக்சிஜனைச் செருகுகின்றன. எக்டைசோன் தயார்.

தயார் என்று சொன்னேன். உண்மையில் பாதிதான் தயார். புட்டனண்ட் படிகமாகப் பிரித்த அந்த எக்டைசோனுக்கு வீரியம் குறைவு. சுரப்பியை விட்டு ரத்தத்தில் கலந்து, கொழுப்புத் திசு, குடல் போன்ற இடங்களுக்குப் போன பிறகு, அங்குள்ள ஷேட் நொதி 20ஆம் கார்பனில் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அப்போது கிடைக்கும் 20-ஹைட்ராக்சி எக்டைசோன்தான் தோலுரிக்கச் செய்யும் ஹார்மோன். ஃபுகுடா சுரப்பியைக் கண்டுபிடித்ததும் முடிந்துவிட்டதாக நினைத்த கேள்வி, சுரப்பிக்கு முன்னால் இலை வரைக்கும், சுரப்பிக்குப் பின்னால் உடம்பு முழுக்கவும் நீண்டுவிட்டது. பாடப்புத்தகம் இன்னும் ‘முன்மார்புச் சுரப்பி தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. மதிப்பெண்ணுக்கு அதையே எழுதுங்கள். மனத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எக்டைசோன் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் செல்லின் சவ்வைத் தானாகவே கடந்துபோகும் என்றும் பல காலம் நம்பினார்கள். சுரப்பிச் செல்கள் அதைச் சிறு பைகளில் அடைத்து, நேரம் பார்த்து வெளியேற்றுகின்றன என்று 2015இல் பழ ஈயில் காட்டினார்கள். பெறும் செல்லுக்குள் நுழையவும் ஒரு வாயில் புரதம் வேண்டும் என்று 2018இல் தெரிந்தது. உள்ளே போனதும் அது நேரே மரபணுக்களிடம் போகிறது. 1960இலேயே கிளெவரும் கார்ல்சனும் ஒரு கொசு போன்ற பூச்சியின் புழுவுக்கு எக்டைசோனை ஊசியால் செலுத்தி, அதன் ராட்சதக் குரோமோசோமில் குறிப்பிட்ட இடங்கள் வீங்கி எழுவதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு ஹார்மோன் மரபணுவை விழிக்கச் செய்வதை மனிதன் கண்ணால் கண்டது அப்போதுதான்.

மூலப்பொருளுக்கு வெளியே கையேந்துவதன் விலை என்ன என்பதற்கு மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. டிரோசோஃபிலா பாச்சியா என்ற சிறு ஈ அங்கே செனிட்டா என்ற ஒரே கள்ளியின் அழுகலில்தான் வாழ்கிறது. மற்ற ஈக்களுக்கு அந்தக் கள்ளி நஞ்சு. இதற்கோ அதை விட்டால் கதியில்லை. காரணம், நெவர்லேண்ட் மரபணுவில் சில எழுத்துகள் மாறிவிட்டன. கொலஸ்ட்ராலைக் கொடுத்தால் அதன் நொதிக்குத் தெரியாது. அந்தக் கள்ளியில் கிடைக்கும் லாதோஸ்டெரால் போன்றவற்றைத்தான் அது எடுத்துக்கொள்ளும். 2012இல் இதை விளக்கினார்கள். ஒரே நொதியின் மாற்றம் ஓர் இனத்தையே ஒரு செடியில் கட்டிப்போட்டுவிட்டது.

வளர்ந்த பூச்சி ஏன் தோலுரிப்பதில்லை? பெரும்பாலான பூச்சிகளில், முழுவளர்ச்சி அடைந்ததும் முன்மார்புச் சுரப்பி செத்துக் கரைந்துபோகிறது. ஹார்மோன் மட்டும் தீர்ந்துபோவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெண் கொசு நம்மைக் கடித்துக் குடித்ததும் அதன் சூலகம் எக்டைசோன் தயாரிக்கத் தொடங்கும். முட்டைக்கு மஞ்சள் கரு சேர்க்கும் கட்டளை அது. தொழிற்சாலை மார்பிலிருந்து சூலகத்துக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு விசித்திரம். 500 கிலோ கூட்டுப்புழுவில் 25 மில்லிகிராம் என்றேன் அல்லவா? 1966இல் நகானிஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் ஒரு மரத்தின் இலையில் இதே குடும்பத்துப் பொருள் தாராளமாக இருப்பதைக் கண்டார். பிறகு தேடத் தேடச் செடிகளில் கிடைத்தது. ஸ்பினாச் எனும் பாலக்கீரையில் இருக்கிறது.  நம் வேலியோரத்து நாயுருவியிலும் இருக்கிறது. செடி தோலுரிப்பதில்லை. தன்னைத் தின்ன வருகிற பூச்சியின் கணக்கைக் குழப்புவதற்காக வைத்திருக்கிறது என்பதே பொதுவான கருத்து. மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தாவரச் சரக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பியது. புழு பழுக்கத் தொடங்கும் நேரத்தில் இலையில் தெளித்துக் கொடுத்தால், ஒன்று முந்தி ஒன்று பிந்தி என்றில்லாமல் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கூடு கட்டப் போகும். முன் வரிசையில் தலையசைக்கிறீர்கள். சம்பூர்ணா என்ற பெயரில் வாங்கியிருப்பீர்கள். பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விடும் கூலி எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது எச்சரிக்கை. இதற்காகவே இன்னொரு ஹார்மோனைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன். உரித்துவிட்டு என்னவாக வெளிவர வேண்டும் என்பதை முடிவுசெய்வது இளமை ஹார்மோன். மூளைக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பிகள் அதைச் செய்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் புழு உரித்து மறுபடி புழுவே வரும். ஐந்தாம் பருவத்தில் அது வற்றினால்தான் புழு தீனியை நிறுத்திக் கூடு கட்டப் போகும்.

1964இல் பிராகிலிருந்து கரேல் ஸ்லாமா ஹார்வர்டுக்கு வந்தார், வில்லியம்ஸின் ஆய்வுக்கூடம்தான். தன் ஊரில் வளர்த்த சிவப்புப் பூச்சிகளைக் கூடவே கொண்டுவந்தார். ஐரோப்பாவில் ஒழுங்காக வளர்ந்தவை அமெரிக்காவில் பெரியவையாகவே மாட்டேன் என்றன. ஐந்தாம் பருவத்துக்குப் பின் ஆறாவதாக ஒரு குழந்தைப் பருவம், அப்படியே சாவு. தண்ணீர், விதை, வெளிச்சம் எல்லாம் சோதித்தார்கள். குற்றவாளி, கிண்ணத்தின் அடியில் விரித்த காகிதத் துவாலை. அமெரிக்கச் செய்தித்தாளை விரித்தாலும் அதே கதி. லண்டன் டைம்ஸை விரித்தால் பூச்சி ஒழுங்காக வளர்ந்தது! அமெரிக்கக் காகிதக் கூழுக்குப் பயன்பட்ட பால்சம் ஃபிர் மரம் இளமை ஹார்மோனைப் போலவே நடிக்கும் ஒரு பொருளை வைத்திருந்தது. காகித ஆலையில் வெந்து, கூழாகி, துவாலையான பிறகும் அதன் வீரியம் போகவில்லை.

இதைப் பார்த்து வில்லியம்ஸ், இனிப் பூச்சிகளை நஞ்சிட்டுக் கொல்ல வேண்டாம், அவற்றின் ஹார்மோனைக் கொண்டே குழப்பலாம் என்றார். அந்த வழியில் வந்தவைதான் மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென், ஃபெனாக்சிகார்ப். மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்துக் குறைவு என்பது உண்மை. தேங்கிய நீரில் கொசுப்புழுவுக்குப் போடுகிறார்கள்; பருத்தியில் வெள்ளை ஈக்கு அடிக்கிறார்கள். நானும் அவற்றை எதிர்ப்பவனல்ல. நம் வேப்பங்கொட்டையின் அசாடிராக்டினும் இதே களத்தில் வேலை செய்வதுதான். புழுவின் தோலுரிப்பு ஹார்மோன் அளவையே அது இறக்கிவிடும்.

ஆனால் பட்டுப்புழுவும் பூச்சிதான். 1980களின் இறுதியில் வட இத்தாலியின் பழத்தோட்டங்களில் ஃபெனாக்சிகார்ப் தெளிக்கத் தொடங்கினார்கள். காற்றில் பறந்து அக்கம்பக்கத்து மல்பெரி இலையில் படிந்தது மிக நுண்ணிய அளவுதான். புழுக்கள் சாகவில்லை. ஐந்தாம் பருவத்தில் தின்றன, மேலும் தின்றன, கொழுத்தன. கூடு கட்டவில்லை. இளமை ஹார்மோன் இன்னும் வற்றவில்லை என்று ஏமாந்த உடம்பில் முன்மார்புச் சுரப்பி விழிக்கவேயில்லை. பல நூற்றாண்டுப் பழமையுள்ள இத்தாலியப் பட்டு வளர்ப்பு அந்த அடியிலிருந்து மீளவில்லை.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. இலையின்மேல் சந்தேகம் வந்தால் பத்துப் புழுவுக்குப் போட்டுப் பார்ப்போம். சாகவில்லை என்றால் இலை நல்லது. மற்ற மருந்துகளுக்கு அந்தச் சோதனை சரி. இந்த வகை மருந்துக்கு அது உதவவே உதவாது. கெடுதி தெரிய வருவது கூடு கட்ட வேண்டிய நாளில். அதற்குள் இலையெல்லாம் தீர்ந்திருக்கும். ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பக்கத்துக் காட்டில் பருத்தியோ காய்கறியோ பழமரமோ இருந்தால், மருந்து அடிக்கும்போது போய்ப் புட்டியின் பெயரைப் பாருங்கள். கடைக்காரர் வைத்த பெயர் வேண்டாம். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பைரிப்ராக்சிஃபென், ஃபெனாக்சிகார்ப், மெத்தோப்ரீன், அசாடிராக்டின் என்ற நான்கில் ஒன்று இருந்தால், பட்டு வளர்ச்சித் துறை அலுவலரைக் கேட்காமல் அந்தப் பக்கத்து வரிசையில் ஓர் இலையும் பறிக்காதீர்கள். புட்டியில் இருக்கும் ஆங்கில எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், பின் வரிசையில் நிறையப் பேர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.